ஊரில் நிலம், இங்கே நாம்: இந்திய சிவில் கோர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்கு வந்து குடியேறிய பல வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் இன்னும் ஒரு துண்டு நிலம் பாக்கி இருக்கிறது. 1969-ஐ ஒட்டி வேலை பெர்மிட் சிக்கல் வந்தபோது சில குடும்பங்களில் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குத் திரும்பினார்கள். மீதிப் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது கோர்ட் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள்.

நான் திருச்சியில் சில காலம் வக்கீலாக இருந்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். உங்கள் வழக்கின் காகிதங்களைப் பார்த்த வக்கீல் சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

"ஊர்ல நிலத் தகராறுக்கா. இங்க ஈப்போ கோர்ட்லயே கேஸ் போட்டுட முடியாதா?"

முடியாது. இந்தியாவில் சிவில் வழக்குகள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி நடக்கின்றன. அதன் 16-ஆவது பிரிவு, நிலம், வீடு, தோப்பு போன்ற அசையாச் சொத்து பற்றிய வழக்கை அந்தச் சொத்து எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் போட வேண்டும் என்கிறது. முசிறிப் பக்கம் நிலம் என்றால் அந்தப் பக்கத்துக் கோர்ட்தான். சண்டை போடும் இரண்டு பேருமே சுங்கை சிப்புட்டில் இருந்தாலும் அப்படித்தான். ஈப்போவில் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போனாலும், அதை வைத்து அங்கே பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு வரி மாற்ற முடியாது.

நிலம் இரண்டு கோர்ட்டுகளின் எல்லையில் பரந்து கிடந்தால் ஏதாவது ஒன்றில் போடலாம். இது பிரிவு 17. பணக் கடன், ஒப்பந்தம் போன்ற மற்ற வழக்குகளுக்கு விதி வேறு. பிரதிவாதி, அதாவது யார் மேல் வழக்கோ அவர், குடியிருக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ போடலாம். விவகாரம் முழுவதுமோ ஒரு பகுதியோ நடந்த இடத்திலும் போடலாம். இது பிரிவு 20.

"போலீஸ்ல ரிப்போர்ட் போட்டா நிலம் திரும்பி வந்துடாதா?"

இங்கே எதற்கும் முதலில் ரிப்போர்ட் போட்டுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் அதிகாரம் அங்கே போலீசுக்குக் கிடையாது. கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பத்திரம் செய்திருந்தால் அது குற்றம். அதற்குப் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்தப் புகாரால் நிலம் உங்கள் பெயருக்கு வந்துவிடாது. உரிமை யாருடையது என்று முடிவு செய்வது சிவில் கோர்ட்தான். வேறு சட்டம் தடுக்காத எல்லாச் சிவில் தகராறையும் விசாரிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 9 அதற்குக் கொடுக்கிறது.

"முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட்னு ஆளுக்கொன்னு சொல்றாங்க. நம்ம கேஸ் எதுல போகும்?"

இங்கே மஜிஸ்திரேட் கோர்ட் ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும், செஷன்ஸ் கோர்ட் பத்து லட்சம் வெள்ளி வரைக்கும் என்று இருக்கிறதல்லவா? அங்கேயும் வழக்கின் மதிப்பை வைத்துத்தான் கோர்ட். கீழே மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். இதைத்தான் முன்சீப் கோர்ட் என்பார்கள். அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். எந்தக் கோர்ட்டுக்கு எவ்வளவு வரை என்ற தொகையை அரசு அவ்வப்போது உயர்த்தும், வழக்குப் போடும் நாளில் உள்ள தொகையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசாரிக்க அதிகாரம் உள்ள கோர்ட்டுகளில் ஆகக் கீழே உள்ளதில்தான் தொடங்க வேண்டும் என்பது பிரிவு 15. பெரிய கோர்ட்டுக்குப் போனால் சீக்கிரம் முடியும் என்று நேரே மேலே ஏற முடியாது.

கீழ்க் கோர்ட் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் முதல் மேல்முறையீட்டில் சாட்சி, ஆவணம் எல்லாவற்றையும் மறுபடி அலசலாம். உயர் நீதிமன்றத்துக்கு வரும் இரண்டாம் மேல்முறையீடு முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் நிற்கும். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை மாவட்டங்கள் 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல், வேலூர், கடலூர் என்றால் சென்னை.

"எனக்கு மலேசிய நீல ஐசி. இந்தியாவுல கேஸ் போட எனக்கு உரிமை இருக்கா?"

இருக்கிறது. நீல அடையாள அட்டை என்றால் மலேசியக் குடியுரிமை. நட்பு நாட்டுக் குடிமகன் இந்தியக் குடிமகனைப் போலவே அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்று பிரிவு 83 சொல்கிறது. தாத்தா நிலத்தில் வாரிசாகப் பங்கு வருவதற்கும் குடியுரிமை தடையில்லை. விவசாய நிலத்தைப் புதிதாக வாங்கத்தான் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு முடியாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. வாதி இந்தியாவுக்கு வெளியே வசிக்கிறார், வழக்கில் உள்ள சொத்தைத் தவிர அங்கே அவருக்குப் போதுமான வேறு அசையாச் சொத்தும் இல்லை என்றால், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டுவதற்கு முன்கூட்டியே ஜாமீன் தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடும். கட்டளை 25 என்பார்கள். சொன்ன கெடுவுக்குள் கட்டாவிட்டால் வழக்கே தள்ளுபடி. வழக்குப் போடும் முன்னாலேயே இந்தத் தொகையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பத்திரத்துல தாத்தா பேரு பிச்சை. இங்க ஐசியில பெரியசாமி. இதனால கேஸ் போயிடுமா?"

போகாது. தோட்டத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, எழுதிய பெயர்தான் பலருக்கு ஐசியில் ஏறியது என்று நம் எல்லோருக்கும் தெரியும். வழக்குரையிலேயே "பிச்சை என்கிற பெரியசாமி" என்று எழுதி, இரண்டு பேரும் ஒருவரே என்பதற்குப் பிறப்புப் பத்திரம், பழைய கடிதம், பாஸ்போர்ட் என்று கிடைப்பதைக் கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பழைய நீலக் கடிதங்களை வீட்டில் யாராவது குப்பையில் போடப் போனால் தடுத்துவிடுங்கள்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் பிளேன் ஏறணுமா? மச்சானுக்குப் பவர் குடுத்தா போதாதா?"

ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டியதில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு வக்கீலை வைத்தால் பெரும்பாலான நாட்களுக்கு அவர் நின்றால் போதும். அவர் அங்கே பதிவு செய்த வக்கீலாக இருக்க வேண்டும். ஈப்போ லாயர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி அங்கே நின்று வாதாட முடியாது.

பவர் கொடுப்பதென்றால் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் முறைப்படி சான்றுபெற்று அனுப்புங்கள். அந்தக் காகிதம் இந்தியாவுக்குள் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். மச்சான் அதை பீரோவில் பூட்டிவைத்துவிட்டால் பிறகு கோர்ட்டில் காட்டும்போது தகராறு வரும். இன்னொன்று: வழக்கு நடத்த மட்டும் பவர் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நிலத்தையே தேடும் குடும்பங்களை இந்த ஊரிலேயே நான் பார்த்திருக்கிறேன். வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சாட்சி சொல்வது மட்டும் தனி. உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயத்தைப் பவர் வைத்திருப்பவர் உங்களுக்காகக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. தான் செய்த காரியங்களைப் பற்றித்தான் அவர் சொல்லலாம். இதை ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் சாட்சி நாளுக்கு ஒருமுறையாவது போகத் தயாராக இருங்கள், இல்லையென்றால் காணொளி வழியாகச் சாட்சி சொல்ல மனுப் போடச் சொல்லுங்கள். காணொளிக்கு அனுமதி கிடைத்தால், அங்கே காலை 10.30 என்றால் இங்கே மதியம் 1 மணி.

"லீவு எடுத்து எப்போ போனா கோர்ட் நடக்கும்?"

மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. பொங்கலையும் கிறிஸ்துமஸையும் ஒட்டியும் மூடியிருக்கும். நாம் டிக்கெட் போடுவதோ பள்ளி விடுமுறையைப் பார்த்து. முதலில் வக்கீலிடம் தேதி கேட்டுவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

"கேஸ் போட்டா அப்புறம் என்னென்ன நடக்கும்? ஒண்ணுமே புரியல."

வாதி வழக்குரை, அதாவது பிராது, போடுவார். கோர்ட் அதற்கு எண் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை அனுப்பும். பிரதிவாதி தன் பதிலை எழுத்தில் கொடுப்பார். எந்தெந்த விஷயத்தில் இரண்டு பேரும் முரண்படுகிறார்கள் என்று கோர்ட் எழுவினாக்களாக எழுதிக்கொள்ளும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. தீர்ப்பின் சாரத்தை வைத்து எழுதப்படும் தீர்ப்பாணைதான் கடைசியில் நிறைவேற்றப்படும். இடையிடையே போடப்படும் இடைக்கால மனுக்கள்தான் காலத்தை இழுக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவின் முடிவிலும் "இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று மட்டும் வக்கீலிடம் கேளுங்கள், வழக்கு நகர்கிறதா நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

வழக்கின் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த தேதியும் நேற்று நடந்ததும் தெரியும். இதற்குக் காசு இல்லை. யாராவது "உங்கள் கேஸ் விவரம் எடுத்துத் தருகிறேன்" என்று வெள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள்.

"கோர்ட் கடுதாசி வந்திருக்கு. வாங்காம திருப்பி அனுப்பிட்டா கேஸ் நிக்குமா?"

நிற்காது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. வாங்க மறுத்தார் என்று குறிப்பு எழுதித் திரும்பினால், உங்களுக்கு முறையாகச் சேர்ந்துவிட்டது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பவருக்குத் தபாலிலும் கூரியரிலும் மின்னஞ்சலிலும்கூட அழைப்பாணை அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆள் கிடைக்கவில்லை, ஒளிகிறார் என்று வாதி சொன்னால், நீங்கள் கடைசியாக இருந்த பகுதியில் ஓடும் பத்திரிகையில் விளம்பரம் போடச் சொல்லும். திருச்சிப் பதிப்பில் ஒரு மூலையில் வந்த அந்த விளம்பரத்தை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் கையில் கொடுத்ததற்குச் சமம் அது.

கடுதாசி வந்தால் பயப்படாமல் பிரித்துப் பாருங்கள். மேலே கோர்ட்டின் பெயர், அதன் கீழே அசல் வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர்கள், நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி, கோர்ட்டின் முத்திரை இருக்கும். கூடவே பிராதின் நகலும் இருக்க வேண்டும். அதன் கடைசிப் பக்கங்களைத் திருப்பினால் "சொத்து விவரம்" என்று இருக்கும்: கிராமம், சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை. முதலில் அதைப் படியுங்கள். எந்த நிலத்துக்கான சண்டை என்று அங்கேதான் தெரியும். உறையையும் பத்திரமாக வையுங்கள். எந்த நாள் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

அந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துப் பதில் கொடுக்க வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை நீளும். நம்மைப் போன்ற சாதாரணச் சிவில் வழக்கில் அதற்கு மேலும் கோர்ட் மனது வைக்கலாம், ஆனால் அது கோர்ட்டின் தயவு. தூதரகத்துக்குப் போய் வரவே வாரங்கள் ஓடிவிடும். கடுதாசி வந்த வாரத்திலேயே வக்கீலைப் பிடியுங்கள்.

"எனக்குக் கடுதாசியே வரலக்கா. ஆனா தீர்ப்பே ஆயிடுச்சுன்னு சொல்றாங்க."

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, எக்ஸ்பார்ட்டி என்பார்கள். கட்டளை 9 விதி 13-இன் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள் கெடு. அழைப்பாணை முறையாகச் சேரவில்லை என்றால், உங்களுக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டிவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு போட வேண்டும். எந்த நாளில், யார் மூலம் தெரிந்தது என்று அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சம்மன் அனுப்பிய முறையில் குறை இருந்தாலும், விசாரணைத் தேதி உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று நிரூபணமானால், அந்தக் குறையை மட்டும் காட்டி ரத்து வாங்க முடியாது. தங்கச்சி வாட்ஸ்அப்பில் பிராதைப் படம் பிடித்து அனுப்பினாள், நீங்களும் "பார்த்தேன்" என்று பதில் போட்டீர்கள் என்று வையுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதிலைத்தான் முதலில் நீட்டுவார்.

"தம்பி நிலத்தை விக்கப் போறான்னு கேள்விப்பட்டேன். உடனே தடுக்க முடியுமா?"

பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, கூடவே இடைக்கால உறுத்துக்கட்டளை கேட்க வேண்டும். பேச்சு வழக்கில் ஸ்டே என்கிறோம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே கோர்ட் கொடுக்கும். அப்படிக் கொடுத்தால் அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. வழக்கு நடக்கும்போது அவர் விற்றாலும், வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்தான். இது சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52. விற்பனையே செல்லாது என்று அர்த்தமில்லை, உங்கள் பங்கு போகாது என்பதுதான் பொருள்.

இதே ஆயுதத்தைத் தம்பியும் எடுக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் அவர் ஸ்டே வாங்கிவிடுவார் என்று சந்தேகம் இருந்தால், முன்கூட்டியே அந்தக் கோர்ட்டில் கேவியட் போட்டு வையுங்கள். இது உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 148-ஏ. உங்களுக்குத் தகவல் சொல்லாமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்னறிவிப்பு அது. 90 நாள் உயிர் இருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். செலவு அதிகமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் திடமான கருத்து.

"நான் வெளிநாட்டுல இருந்ததால காலக்கெடு எனக்கு ஓடாதுதானே?"

ஓடும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் பிரிவு 15, பிரதிவாதி இந்தியாவில் இல்லாத காலத்தைத்தான் கழிக்கச் சொல்கிறது. வாதி எங்கே இருந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை நம்மவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா உங்கள் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால், நீங்கள் இங்கே இருந்த வருடங்களை அவர் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் அவர் மேல் போட வேண்டுமென்றால் அந்தச் சலுகை இல்லை.

பணக் கடனுக்கு 3 வருடம். ஒரு பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரிந்ததிலிருந்து 3 வருடம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை ஒதுக்கியது தெரிந்ததிலிருந்து 12 வருடம்.

"பெரியப்பா முப்பது வருஷமா உழுது சாப்பிடறார். பட்டாவும் அவர் பேர்ல. இனி எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

அப்படி இல்லை. பட்டா வருவாய்த் துறை ஆவணம், அது சொந்த உரிமைக்கு முடிந்த முடிவான சாட்சியாகாது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி அனுபவித்தால் மற்றப் பங்காளிகளுக்காகவும் அனுபவிக்கிறார் என்பதே சட்டத்தின் தொடக்கப் புள்ளி. வெறுமனே பல வருடம் உழுதார் என்பதால் மட்டும் நிலம் அவருடையதாகிவிடாது. "உங்களுக்குப் பங்கே கிடையாது" என்று உங்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுத்து, அதற்குப் பிறகு 12 வருடம் ஓடியிருந்தால்தான் சிக்கல். அதனால் அவர் கடிதத்திலோ போனிலோ பங்கை மறுத்த நாள் முக்கியம். அந்த நாளிலிருந்து மேலே சொன்ன கெடு நடக்கிறது.

கோர்ட் பீஸும் இதைப் பொறுத்தே மாறும். நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தால் ஒரு நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 விழுக்காடு. 2017-க்கு முன் இது ஏழரை விழுக்காடாக இருந்தது.

"எங்கப்பா பால் வெட்டின காசை அனுப்பித்தான் சித்தப்பா பேர்ல நிலம் வாங்கினாங்க. அதை மீட்கலாமா?"

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கனமானது. விடிகாலையில் எழுந்து ரப்பர் வெட்டிச் சேர்த்த வெள்ளி அது. ஆனால் 1988-ஆம் ஆண்டு பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காசு ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால், காசு கொடுத்தவர் "உண்மைச் சொந்தக்காரர் நான்தான்" என்று வழக்குப் போடுவதைப் பிரிவு 4 தடுக்கிறது. நிலம் 1988-க்கு முன்னால் வாங்கியதாக இருந்தாலும், வழக்கு அதற்குப் பிறகு போடுவதானால் தடை உண்டு என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சில விதிவிலக்குகள் இருக்கின்றன. கூட்டுக் குடும்பத்துக்காகக் குடும்பத் தலைவர் பெயரில் வாங்கியது ஒன்று. நம்பிக்கைப் பொறுப்பில் ஒருவர் வைத்திருப்பது இன்னொன்று. அண்ணன் தம்பி பெயர்கள் ஏதாவது ஆவணத்தில் கூட்டுச் சொந்தக்காரர்களாக வந்து, தெரிந்த வருமானத்திலிருந்து காசு கொடுத்திருந்தால் 2016 திருத்தம் அதையும் பினாமி என்று கருதாது. எனவே பத்திரத்தில், கடிதத்தில், கிரயத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். மணியார்டர் ரசீதையும் பாங்கு டிராஃப்ட் அடிக்கட்டையையும் எடுத்து வையுங்கள். "குடும்பச் சொத்து" என்ற அடிப்படையில் வழக்கை வைக்க முடியுமா, "பினாமி" என்று தள்ளப்படுமா என்பதுதான் உங்கள் வக்கீல் முதலில் யோசிக்க வேண்டியது. பிராதின் முதல் பக்கத்திலேயே "எங்கள் பணம், அவர் பெயர்" என்று எழுதிவிட்டால், தொடக்கத்திலேயே தள்ளுபடி கேட்க எதிர்த்தரப்புக்கு வழி திறந்துவிடும்.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு உண்டா?"

உண்டு. அப்பா தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் பிறப்பால் பங்காளி. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா ஷர்மா வழக்கில் தீர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்திருந்தால் அது கலையாது.

"மூணுல ஒரு பங்குன்னு தீர்ப்பு வந்துடுச்சு. ஆனா நிலம் இன்னும் கைக்கு வரல. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை. உங்களிடம் இருப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் அது சொல்லும். வடக்குப் பக்கமா, கிணற்று ஓரமா, எந்தத் துண்டு உங்களுடையது என்று பிரிப்பது இறுதித் தீர்ப்பாணை. அதற்கு மனுப் போட்டால் கோர்ட் ஒரு ஆணையரை அனுப்பும். அவர் நில அளவையாளரோடு போய் அளந்து வரைபடம் கொடுப்பார். இரண்டு தரப்பும் ஆட்சேபம் சொல்லலாம். பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை, அப்புறம் நிறைவேற்றுகை மனு. நிறைவேற்ற 12 வருடக் கெடு. முதல் தீர்ப்பு வந்த மகிழ்ச்சியில் கிடாவெட்டி விருந்து வைத்துவிட்டு, பிறகு பல வருடம் சும்மா இருந்த வீடுகள் இங்கே உண்டு.

"சமாதானமாப் போயிட்டா கட்டின கோர்ட் பீஸ் போனது போனதுதானா?"

இல்லை. மக்கள் நீதிமன்றத்திலோ சமரச மையத்திலோ பேசி முடித்தால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசித் தீர்த்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள் நீதிமன்ற முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் கையெழுத்துக்கு முன் நன்றாக யோசியுங்கள். யோசித்த பிறகும் சரி என்று பட்டால், அண்ணன் தம்பிக்குள் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"கேஸ் நடுவுல அப்பா இறந்துட்டார். கேஸ் தானா எங்க பேருக்கு மாறிடுமா?"

தானாக மாறாது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அவரைப் பொறுத்த அளவில் வழக்கு அற்றுப்போகும். அதற்கு மேல் 60 நாளுக்குள் அதை நீக்கக் கேட்கலாம், அதையும் விட்டால் தாமத மனுதான். இறப்பு இங்கே, வழக்கு அங்கே என்பதால் ஊர் வக்கீலுக்கு விஷயமே தெரியாமல் போய்விடுகிறது. கருமாதி முடிந்ததும் அவருக்கு ஒரு செய்தி, இறப்புப் பத்திரத்தின் நகல், வாரிசுகளின் பெயர்கள் மூன்றையும் அனுப்பிவிடுங்கள்.

"அவங்க தப்பான கோர்ட்லதான் கேஸ் போட்டிருக்காங்க. கடைசியில சொல்லிக் கவுத்துடலாமா?"

கடைசியில் சொன்னால் எடுபடாது. இடமும் தொகையும் பற்றிய ஆட்சேபத்தை முதல் கோர்ட்டிலேயே, முதல் வாய்ப்பிலேயே, எழுவினாக்கள் எழுதும் முன்பே சொல்ல வேண்டும்; உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 21. பதிலுரையிலேயே எழுதச் சொல்லுங்கள். சொன்னாலும் பல நேரம் வழக்கு செத்துவிடாது, சரியான கோர்ட்டில் போடும்படி பிராதைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த வகை வழக்கையே விசாரிக்கும் அதிகாரம் சட்டப்படி கோர்ட்டுக்கு இல்லை என்பது மட்டும் வேறு சங்கதி. அதை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

தோற்ற பிறகு வேறு பெயரில், வேறு கோர்ட்டில் அதே வழக்கை மறுபடி போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதே தரப்பார், அல்லது அவர்கள் வழி வந்தவர்கள், அதே விஷயம், இறுதியாகத் தீர்ந்தது என்றால் பிரிவு 11 தடுக்கும். அப்பா தோற்ற வழக்கு பிள்ளையையும் கட்டும்.

"அங்க என் மேல பணத் தீர்ப்பு ஆயிடுச்சு. நான் இங்கதானே இருக்கேன், என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும். மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் சட்டத்தின் அட்டவணையில் இந்தியாவும் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் இந்தியக் கோர்ட்டின் பணத் தீர்ப்பை 6 வருடத்துக்குள் இங்கே உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்தால், இங்கே கொடுத்த தீர்ப்பு போலவே அது நடக்கும். வரி, அபராதம் இதில் சேராது. அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, உங்களுக்கு உரிய நேரத்தில் அறிவிப்பு வரவில்லை, மோசடி செய்து வாங்கியது என்ற காரணங்களால் பதிவை நீக்கக் கேட்கலாம். சம்மன் உறையை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்கும்தான்.

திருப்பியும் அப்படியே. இங்கே உயர் நீதிமன்றத்தில் வாங்கிய பணத் தீர்ப்பை இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 44-ஏ வழியாக அங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றலாம். மஜிஸ்திரேட் கோர்ட், செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புக்கு அந்த வழி இல்லை. அந்தத் தீர்ப்பையே அடிப்படையாக வைத்து அங்கே 3 வருடத்துக்குள் புது வழக்குப் போட வேண்டும். அதற்கு வேண்டிய சான்றிட்ட நகலை இங்குள்ள கோர்ட்டில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.